எஞ்சினுக்கும் ஒரு பங்கு

மற்றவர்களின் வீட்டுக்கணக்கைப் பார்ப்பதும் பல் வைத்தியமும் ஒன்றுதான்: வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் ஆட்கள் வாயைத் திறப்பார்கள். திருகோணமலையில் மீன் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன அறையும் இரண்டு கொம்பியூட்டரும் உண்டு. வரவு, செலவு, சேமிப்பு, முதலீடு எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் போட்டு, ஃபோனிலும் பார்க்கிற மாதிரிச் செய்து கொடுப்பேன். மாதத் தொடக்கத்தில் ஆசையாக ஷீட்டைத் திறந்து, நடுவில் பயந்து மூடி, பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் அருமைச் சக நோயாளிகளே, இது உங்களுக்காக.

குடும்ப அங்கத்தவர்

ஆடி மாதம் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து யோகா அக்கா வந்தார். கருவாடு போட்டு விற்கிறவர். கணவர் தவராசா அண்ணருக்குச் சொந்தப் படகு இருக்கிறது. ஆனால் எஞ்சின் படுத்துவிட்டதால் படகு கரையில் கவிழ்ந்து கிடக்க, மனுசன் மற்றவர்களின் படகில் போய்க்கொண்டிருந்தார். அது அலுத்துப்போய், "பங்குனியில கடல் அடங்கேக்க எஞ்சின் இல்லாட்டி நான் கட்டாருக்கு வேலைக்குப் போறன்" என்று சொல்லி, பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாராம். அவரைப் போகவிடாமல் தடுக்க ஒரு ஷீட் வேண்டும் என்றார் அக்கா. எனக்கு இப்படியொரு ஓடர் அதற்கு முன் வந்ததில்லை.

குடும்ப அங்கத்தவரின் பெயர்களை நிரப்பச் சொன்னேன். தவராசா, யோகா, மகள் துர்க்கா, எஞ்சின் என்று நிரப்பி வைத்திருந்தார். கரையில் மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது ஆட்களுக்குப் போலவே படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பங்கு உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அக்கா கருவாட்டுக் காசிலும் எஞ்சினுக்குப் பங்கு எடுத்து வைக்கிறாராம். "ஓடாத எஞ்சினுக்கு என்ன பங்கு அக்கா? இந்த நிரையை அழிப்பம்" என்றேன். அவர் மவுஸோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"நோயில படுத்த வருத்தக்காரனுக்கும் சாப்பாடு போடத்தானே வேணும் மிஸ்."

வட்டி போன வழி

குறிஞ்சாக்கேணி ரமீஸ் நானா நெல் வியாபாரி. இஸ்லாமிய மார்க்கப்படி வட்டியைத் தொடாதவர். நான் செய்து கொடுத்த ஷீட்டில் 'வட்டி வருமானம்' என்று ஒரு நிரல் வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாக இருந்தாலும் அந்தப் பெயரே தன் கணக்கில் இருக்கப்படாது என்றார். நியாயம்தான் என்று அழித்தேன். அடுத்த நொடி மொத்த வரவு, சேமிப்பு, ஏழைகளுக்குக் கொடுக்கிற ஸக்காத் என்று அந்த நிரலை நம்பியிருந்த கட்டமெல்லாம் பிழை காட்டின. ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினேன். நானா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோதும் நான் அதே கதிரையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"வட்டிய வெளிய போட்டாலும் அதுட தொல்ல போகுதில்லையே மிஸ்!"

மஞ்சள்

துறைமுகத்தில் வேலை செய்யும் நிமலன் பங்குச் சந்தைப் பைத்தியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, கொழும்பில் எந்தப் பங்கு ஏறியது, எது விழுந்தது என்று என் கொம்பியூட்டரில் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள் பக்கத்துக் கதிரையில் யோகா அக்கா இருந்தார். எஞ்சினுக்குச் சேர்ந்த காசை வங்கியில் போட வந்தவர், வழியில் என்னிடம் ஏறியிருந்தார். "வங்கியில போட்டு என்ன அக்கா கிடைக்கும்? இதில போடுங்கோ, ஆறு மாதத்தில ரெட்டிப்பு" என்றார் நிமலன். கொடுக்க வேண்டாம் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் இருவருமே என் வாடிக்கையாளர்கள். அதற்குள் நிமலன் தன் முதலீட்டு ஷீட்டைத் திறந்தார்.

அக்கா அவருடைய ஷீட்டை எட்டிப் பார்த்தார். கட்டமெல்லாம் மஞ்சள். மங்களமாக இருக்கிறதே, இது லாபமோ என்று கேட்டார். நட்டம்தான், சிவப்பாகக் காட்டுகிற மாதிரி மிஸ் செய்து தந்தவர், பார்க்கப் பார்க்க பிறஷர் ஏறினபடியால் நிறத்தை மாற்றிவிட்டேன் என்று நிமலன் ஒளிக்காமல் சொன்னார். அக்கா கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார்.

"தம்பி, உங்கட மஞ்சளில எஞ்சின் ஓடுமோ?"

மான் தின்றது

தவராசா அண்ணருக்கு ஃபோனில் கணக்குப் பார்க்கப் பிடிக்காது. கையில் தாளாகத் தந்தால்தான் நம்புவார். கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்து, கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாட்களில், கட்டாருக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அடிக்கடி ஃபோன் எடுக்கத் தொடங்கினான். அக்கா பயந்துபோய் ஓடிவந்தார். 'கட்டார்' என்று ஒரு பக்கம், 'எஞ்சின்' என்று ஒரு பக்கம், இரண்டின் வரவையும் செலவையும் போட்டு அச்சடித்துக் கொடுத்தேன். எஞ்சின் பக்கம்தான் கொஞ்சம் நல்லதாக இருந்தது.

பஸ் நிலையத்தில் அக்கா தாள்களை மரக்கறிக் கூடைக்கு மேல் வைத்துவிட்டுச் சில்லறை தேடியிருக்கிறார். நம்மூர்த் தெருவில் மாடுகளைப் போலத் திரிகிற மான்களைத்தான் தெரியுமே, கடதாசி என்றால் உயிர். ஒரு மான் மேலே இருந்த பக்கத்தை இழுத்துத் தின்றுவிட்டது. மிஞ்சியது கட்டார். நான் வேறு பிரதி அடித்து அனுப்பும்வரை அந்த வீட்டில் நடந்த கதையை அக்கா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவர் அழுதிருக்கிறார். அண்ணர் கேட்டது இதுதானாம்:

"எஞ்சினை மான் திண்டிட்டுது எண்டால் நான் நம்போணுமோ?"

நிச்சயமா?

பங்குனி பிறக்க முன்னமே இறக்கக்கண்டியில் பாவித்த, ஆனால் நன்றாக ஓடுகிற ஒரு எஞ்சின் விலைக்கு வந்தது. பழையதைக் கொடுத்து, மிச்சத்துக்கு அந்த 'எஞ்சின்' நிரையில் சேர்ந்திருந்ததைக் கொடுத்து வாங்கிவிட்டார்கள். நான் அழிக்கச் சொன்ன அதே நிரை. வருத்தக்காரன் படுத்த படுக்கையிலேயே தன் பிள்ளையைப் பெற்றுவிட்டான்.

அடுத்த கிழமை புருசனும் பெண்சாதியுமாக வந்தார்கள். அண்ணர் முதல் தடவையாக என் படியேறினார். கையில் மண்ணெண்ணெய் வாசம். 'கட்டார்' பக்கத்தை அழித்துவிடச் சொன்னார். நீங்களே அழியுங்கோ என்று மவுஸைக் கொடுத்தேன். அமத்தினார். திரையில் ஒரு பெட்டி வந்தது. இதை அழித்தால் திரும்ப எடுக்க ஏலாது, நிச்சயமா என்று கேட்கிறது என்றேன். அவர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அண்ணர் 'ஓம்' என்ற இடத்தை விரலாலும் மவுஸாலும் ஒன்றாக அமத்தினார்.

"பாஸ்போர்ட் எடுக்கேக்க ஆராவது இப்பிடி ஒருக்காக் கேட்டிருந்தா அப்பவே விட்டிருப்பன் மிஸ்."

இத்தனை வருடத்தில் என் ஷீட்டால் யாரும் பணக்காரராகவில்லை, ஒரேயொரு மனுசன் சல்லியிலேயே நின்றுவிட்டார், அதற்குக் கூலியாக வந்த நெத்தலிக் கருவாட்டுப் பொதியை என் சொந்தக் கணக்கில் எந்த நிரலில் போடுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.