ஒரே பாலத்தில் இரண்டு பேண்டுகள்

என் பேத்திகள் இருவரும் பள்ளிக்கூட அணிவகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் மாடியிலிருந்து மரப்படியில் "பே, ஞா, பே, ஞா" என்று பர்மியில் இடம் வலம் சொல்லிக்கொண்டு, கால் சேர்த்து, தம் தம்மென்று இறங்கி வந்தார்கள். படிக்கட்டு லேசாகத் துள்ளியது. அவ்வளவுதான். நான் நாற்காலியை விட்டு எழுந்து, "தனித்தனியா இறங்குங்க, சேர்ந்து மிதிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். கையிலிருந்த தேநீர் வேட்டியெல்லாம். சின்னவள் தன் அம்மாவிடம் போய், "போபோ ஏன் பயப்படுறார்?" என்று பர்மியில் கேட்டாள். தாத்தா ஏன் கோபப்படுகிறார் என்று கேட்டிருக்கலாம். குழந்தைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

என் மருமகளுக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கு மீசை சரியாக முளைத்திராத வயதில், பசுண்டாங் ஓடைக் கரையில் ஓர் அரிசி ஆலையில் சாக்குக்கு முத்திரை போடும் வேலையில் இருந்தேன். வேலை என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் நான் அந்த ஆலையின் பேண்டில் சைடு டிரம் அடிப்பவன். அப்போது ரங்கூனில் ஆலைக்கு ஆலை, மரக்கிடங்குக்கு மரக்கிடங்கு ஒரு பேண்டு இருந்தது. முதலாளிகளுக்குக் குதிரைப் பந்தயம் சலித்த நாளில் எங்களை மோதவிட்டுப் பார்ப்பார்கள். பேண்டில் இருப்பவன் மூட்டை தூக்க வேண்டியதில்லை, ஓடையில் படகுக்கும் கரைக்கும் போட்ட பலகையில் நெல் சுமந்து ஓட வேண்டியதில்லை. தோற்றால் பேண்டைக் கலைத்துவிடுவார்கள்; மறுநாளே பலகை. அன்றைய என் ஒல்லித் தோள்களை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நான் ஏன் அவ்வளவு ஒழுங்காக டிரம் பழகினேன் என்று கேட்கமாட்டீர்கள்.

உமி எரியும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் பயிற்சிக் கொட்டகைதான் ஞாபகம். மழைக்காலத்தில் டிரம் தோல் நமுத்துப் போகும். உமி நெருப்பில் வாட்டி எடுத்தால்தான் குரல் கொடுக்கும். வாட்டுகிற வேலை காதர் நானாவுடையது. நாகூர்ப் பக்கத்துக்காரர், பெரிய டிரம் அடிப்பவர். அவர்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள். ஆள் நல்ல உயரம், நெஞ்சில் அந்த டிரம்மை மாட்டிக்கொண்டால் டிரம் சின்னதாகத் தெரியும். தோலை நெருப்பில் காட்டும்போது மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

பேண்டு என்றால் பாட்டு என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் பாட்டு பெரிதில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை டிரம்கள் மட்டும் அடித்துக்கொண்டு போகுமே, அதுதான் பெரிது. அதை நாங்கள் 'நடை' என்போம். ஊதுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். கால்கள் எங்கள் அடியில் போகும். ஒவ்வொரு பேண்டுக்கும் சொந்த நடை உண்டு. எங்களுடையது, 'டர்ரக்-டக், டர்ரக்-டக், டும், டும்'. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்த ஆலை வருகிறது என்று தெரு சொல்லிவிடும். அடுத்தவன் நடையை அடிப்பது அவன் வீட்டுப் பெண்ணைக் கேலி செய்வதற்குச் சமம். அதற்காக மண்டை உடைந்ததெல்லாம் உண்டு.

எங்கள் எதிரி ஒரு மரக்கிடங்கு பேண்டு. அதன் சைடு டிரம் வேலாயுதம், என் வயதுதான், என்னைவிடக் கை வேகம். போட்டிக்கு முந்தின வாரம் போட்டாதாங் கடைத்தெருவில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "உங்க நடை ரொம்ப அழகா இருக்குடா. எனக்குக் கொடுத்துடேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கூட இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

மைதானத்தில் நடந்த சுற்றுகளில் எல்லோரும் கழிந்து நாங்கள் இரண்டு பேண்டுகள் மிஞ்சினோம். கடைசிச் சுற்று மறுநாள் மாலை ஆற்றங்கரையில். அக்கரையிலிருந்து விசைப்படகில் வருகிற பெரிய துரையை எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். எந்தப் பேண்டின் நடை அறுகிறதோ, எதன் கால் கலைகிறதோ அது தோற்றது.

ரங்கூன் ஆற்றுத் துறைகளைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நீர் ஏறி இறங்கும். அதனால் படகு அணைகிற மேடை ஆற்றில் மிதக்கும். கரைக்கும் அதற்கும் நடுவே ஒரு நீளப் பாலம், இரண்டு முனையிலும் கீல் வைத்துச் சங்கிலியில் பிடித்திருக்கும். நீர் நிறைந்திருந்தால் பாலம் சமமாக இருக்கும். இறங்கிவிட்டால் சரிந்து தொங்கும். அன்று மாலை தொங்கியது. எங்கள் துறை பழையது, பலகை மரம், கைப்பிடியும் மரம். இரண்டு பக்கமும் ஆலை ஆட்களும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கக் கைப்பிடியில் சாய்ந்து நெருக்கியடித்து நின்றார்கள்.

எங்கள் பேண்டு மாஸ்டர் ஞானப்பிரகாசம் முன்னால். அவர் கோலை உயர்த்தும்வரை யாரும் நிறுத்தக்கூடாது. காலில் ஆணி ஏறினாலும் கூடாது. பாட்டு முடிந்தது. நடை தொடங்கினோம். பாலத்தில் காலை வைத்தோம். மரக்கிடங்குக்காரர்கள் எங்களுக்குப் பின்னாலேயே இறங்கினார்கள்.

பாதிப் பாலம் போயிருப்போம். என் முதுகுக்குப் பின்னால் என் நடை கேட்டது.

டர்ரக்-டக், டர்ரக்-டக், டும், டும். எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தேன். எதிரொலி சற்றுப் பிந்தி வரும், இது பிந்தவில்லை. வேலாயுதம் எங்கள் நடையை, எங்கள் வேகத்திலேயே, ஒரு மயிரிழை பிசகாமல் அடித்துக்கொண்டு வந்தான். கேட்டு எடுத்துக்கொண்டுவிட்டான். முதுகில் குளிர்ந்த கை வைத்தாற்போல இருந்தது எனக்கு. மாஸ்டரின் காது சிவந்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன். "விடாதே, ஓங்கி அடி" என்றார் திரும்பாமல். ஓங்கி அடித்தோம். அவர்களும் ஓங்கி அடித்தார்கள். இரண்டு பேண்டின் கால்களும் ஒரே காலாகிவிட்டன.

அப்போதுதான் பாலம் மூச்சு விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பலகை கால் வருவதற்கு முன்பே மேலே வந்து உள்ளங்காலை வாங்கிக்கொண்டது; பிறகு கீழே போனது. அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் மேலே. சங்கிலி கிறீச்சிட்டது. தொடையில் டிரம் இடிக்கும் இடத்தில் இடி ஒழுங்கு தப்பியது. "மாஸ்டர், பாலம் ஆடுது" என்றேன். "அடிடா. நிறுத்தினே, உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. ஒரு பெண், "புள்ளையப் புடி, புள்ளையப் புடி" என்று அலறினாள். வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள்.

கைப்பிடி முறிந்த சத்தம் எங்கள் நடைக்குள்ளேயே ஓர் அடியாக விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசையின் ஓரத்தில் வந்துகொண்டிருந்த காதர் நானா அங்கே இல்லை.

'டும்' நின்றுவிட்டது. ஆனால் என் கைகள் நிற்கவில்லை. நிறுத்து என்று நான் கைகளுக்குச் சொல்கிறேன். அவை அடித்துக்கொண்டே இருக்கின்றன, யாரோ ஒருவனுடைய கைகள் மாதிரி. பயத்தில் கால்கள் இன்னும் ஒழுங்காக விழுந்தன. பாலம் இன்னும் உயர்ந்தது. நின்றுவிட்டால் பின்னால் வருகிற கூட்டம் எங்கள் மேல் ஏறிவிடும் என்பதும் தெரிந்தது.

"வேலாயுதம், நடையை மாத்து" என்று கத்தினேன். "கோணலா அடி. எதிர்த்து அடி."

அவன் நானா விழுந்ததைப் பார்த்திருந்தான். நான் என் நடையைக் குழப்பினேன். அவன் தன் சொந்த நடையை எடுத்து அதன் குறுக்கே போட்டான். இரண்டு டிரம்மும் நாய்ச்சண்டைபோல ஒன்றையொன்று கடித்தன. கால்கள் தடுமாறின. ஒருவன்மேல் ஒருவன் இடித்தான். ஒருவன் க்ளாரினெட்டைக் கீழே போட்டான். அவ்வளவு அசிங்கமான சத்தத்தை அந்த ஆறு கேட்டிருக்காது. பாலம் இரண்டு முறை உலுக்கிக்கொண்டது. பிறகு மெல்ல அடங்கியது.

காதர் நானாவை இறக்கத்து நீர் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. பெரிய டிரம் நெஞ்சில் கட்டியபடியே. அது மிதந்தது, அவர் அதன் அடியில் மல்லாந்து தொங்கிக்கொண்டு போனார். முகம் தெரியும், மறையும், தெரியும். ஒரு சிட்டகாங்காரர் சம்பான் படகை ஓட்டிக்கொண்டு போய்த் துடுப்பை நீட்டினார். கரையில் கிடத்தியபோது நானா விரல்களை வாரிலிருந்து எடுக்கவில்லை. வாரை அறுத்துத்தான் எடுத்தோம். கண்ணைத் திறந்து, "பாலம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது நானா என்றேன். அவர் நம்பவில்லை.

கோப்பை யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். மாஸ்டர் என்னை உமிக்கிடங்கின் பின்னால் அழைத்துப்போய், "அந்தப் பாலம் தாங்கியிருக்கும்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாராவது ஆமாம் என்று சொன்னால் தேவலை என்பதுபோலச் சொன்னார். எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பேண்டைக் கலைத்தார்கள். நான் பலகையில் நெல் சுமந்தேன். அப்படிச் சுமந்த நான் வேலாயுதத்தின் தங்கைக்குக் கணவன் ஆனது வேறு கதை. அதுவும் பயங்கரமான கதைதான், ஆனால் வேறு விதத்தில்.

நானா மறுபடி எந்தத் துறைப்பாலத்திலும் கால் வைக்கவில்லை. நாகூருக்குப் போவதென்றால் கப்பல், கப்பலுக்குப் பாலம். ஆகவே போகவில்லை. அங்கே அவரைப் பெற்ற உம்மா இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை. ஜப்பான் போர் வந்து ஊரே ஓடியபோது அவர் தம்பி எப்படியோ கப்பலில் இரண்டு இடம் வாங்கிவிட்டார். நான் நானாவைக் கையைப் பிடித்துத் துறைவரை கூட்டிப்போனேன். எங்களுக்கு முன்னால் பெட்டியும் பிள்ளையுமாக ஆயிரம் கால்கள் பாலத்தை மிதித்துக்கொண்டிருந்தன.

"யாரும் சேர்ந்து நடக்கல நானா. பாருங்க, ஆளுக்கு ஒரு மாதிரிதான் நடக்குறாங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கால்களையே பார்த்தார். "சேர்ந்துக்கும் தம்பி" என்றார். "பயந்தா எல்லாரும் சேர்ந்துக்குவாங்க."

தம்பி அழைத்துப் பார்த்தார், இழுத்தும் பார்த்தார். கடைசியில் தம்பி மட்டும் ஏறினார். நானா வடக்கே, இந்தியாவுக்குக் காட்டுவழி போன கூட்டத்தோடு நடந்தே கிளம்பினார். ப்ரோம் சாலையில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கு அப்பால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் துறை குண்டு விழுந்து போயிற்று. ஆலை எரிந்தது. மாஸ்டர், வேலாயுதம், ஊதினவர்கள், எங்கள் பின்னால் ஓடிவந்த தெரு, ஒவ்வொன்றாகப் போயிற்று. பசுண்டாங் கரையில் இன்று நின்று கேட்டால் பஸ் சத்தம்தான். எங்கள் நடை எப்படிப் போகும் என்று தெரிந்தவன் ரங்கூனில் நான் ஒருவன்தான் மிச்சம். அதை நான் யாருக்கும் அடித்துக் காட்டியதில்லை.