பட்டத்தில் கட்டிய கேமரா

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் டிரோன் ஒன்று வண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. "அங்கிள், மேல பாருங்க லா," என்றார் கேமராக்காரர். பார்த்தேன். அந்த நொடியே மனசு கிள்ளானுக்குப் போய்விட்டது. உடம்பு மட்டும் பிரியாணி வரிசையில் நின்றது.

டிரோன் என்ற சொல்லே நம் காதில் விழாத காலம் அது. போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் ஞானமும் நானும் ஒரே ஷிப்ட். அவன் பிறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டு வரிசையை இடிக்கப்போவது முடிவாகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் போவதற்குள், வீடும் ஆளுமாக எல்லோரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்று அவன் அப்பாவுக்கு ஆசை. தரையில் நின்று எடுத்தால் பாதி வரிசைகூட அடங்கவில்லை. பட்டத்தில் கேமராவைக் கட்டிவிடலாம் என்று நான்தான் வாயை விட்டேன்.

எந்தக் கேமரா என்பதில்தான் சண்டை. ஞானம் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். அவனுடைய பெரிய கேமராவில் மங்கிய வெளிச்சத்திலும் முகம் பளிச்சென்று விழும். ஆனால் அதன் கனத்துக்குப் பட்டம் எழும்பவே இல்லை. திடலில் இழுத்துக்கொண்டு ஓடி மூச்சு வாங்கியது எனக்கு. கடைசியில் என் சின்னக் கேமராதான். சோப்புக்கட்டி அளவு, தானாகவே படம் எடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல வெயில் இருந்தால்தான் கலங்காமல் வரும். அதனால் உச்சி வெயிலைத் தேர்ந்தோம், பெரிய கெட்டிக்காரர்கள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தீபாவளி உடுப்பில், பௌடர் மணக்க, வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். கடற்காற்றில் பட்டம் ஏறியது. "எல்லாரும் மேல பாருங்க," என்றேன். பார்த்தார்கள்.

மாலையில் கணினியில் போட்டுப் பார்த்தோம். கூரைகள், ரம்புத்தான் மரம், துணிக்கொடி எல்லாம் தெளிவு. ஆட்கள் அத்தனை பேரும் கண் கூசி, முகத்தைக் கையால் மறைத்திருந்தார்கள். எந்தப் படத்திலும் ஒரு முகம்கூட இல்லை. எனக்கு அழுகை வராத குறை.

"இன்னொரு தடவ எடுப்போம் அங்கிள்," என்றேன்.

"நாளைக்குக் காலையிலயே சாமான் ஏத்த லோரி வருதுப்பா," என்றார் ஞானத்தின் அப்பா.

இப்போது அங்கே அடுக்குமாடி. அந்த வரிசைக்காரர்களில் சிலர் செமினியில், சிலர் அம்பாங்கில். ஞானத்தின் அப்பா தவறிவிட்டார். கல்யாணத்திலிருந்து திரும்பியதும் ஞானத்தைப் போனில் அழைத்து, அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"ஹால்ல மாட்டியிருக்கேன் மச்சான். அப்பா முகத்துக்கு வேற போட்டோ நெறைய இருக்கு. எல்லாரும் ஒன்னா நின்னது இது ஒன்னுதான்."