சங்கராபுரம் பஸ்ஸில் படித்த மருந்தியல்

பார்மசி படிக்கும்போது மருந்தியல் மட்டும் எனக்கு ஏறவே ஏறாது. ஒரு மருந்தின் பெயரும் மனதில் நிற்காது. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி கல்லூரிக்கு என்னோடு பஸ்ஸில் வரும் வகுப்புத் தோழி ஷமீம்தான் அதற்கு வழி கண்டுபிடித்தாள்.

“டிரைவரைப் பாருடி, எப்பவும் பிரேக்குதான். நெஞ்சுத் துடிப்பைக் கம்மி பண்ற அட்டெனலால் அவருதான். விசில் ஊதி எல்லாரையும் வெரட்டிக்கினே இருக்காரே கண்டக்டர், அவரு துடிப்பை ஏத்துற அட்ரினலின்.”

முதல்முறையாகப் பாடம் புரிந்தது.

“அப்போ நான் இன்னா மருந்துடி?”

“கடைசிப் பரீட்சை முடிஞ்சி வரும்போது சொல்றேன்.”

அதற்குள் அவள் அப்பா கடையை வேலூருக்கு மாற்ற, குடும்பத்தோடு போய்விட்டாள்.

நான் பாஸாகி, இன்று அதே பஸ்ஸில் மருந்துக்கடை வேலைக்குப் போகிறேன். விசில் சத்தம் கேட்டால் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன். போனில் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்க மாட்டேன். அதைச் சொல்ல அவள் இந்த பஸ்ஸில் ஏற வேண்டும்.