முதல் பாதி சொல்பவர்

காலை ஏழு ஐம்பதுக்கு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலையில், கிளீட்டஸ் மரப்பலகைமேல் ஏறி நின்று "ஹரி இனி!" என்று குரல் கொடுப்பார். எதிரே நிற்கும் இருநூறு பேரும் "லெபே பாய்க்!" என்பார்கள். மலாய் மொழியில், இன்றைக்கு, இன்னும் நன்றாக என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம். பிறகு எல்லோரும் போய் நேற்றுப் போலவே வேலை செய்வார்கள்.

இந்த வம்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது அவரேதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், லைன் லீடரான முதல் வாரம், அவர் அந்த வாசகத்தைச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில், ஜெபமாலை மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி மற்றவர்களை மறுபாதி சொல்ல வைக்கிறவர் கிளீட்டஸ். பழக்க தோஷத்தில் அதே ராகத்தில் முதல் பாதியை மட்டும் இழுத்துச் சொல்லி நிறுத்தினார். லைனில் இருந்த இரண்டு கிறிஸ்துவப் பெண்கள் யோசிக்காமல் மறுபாதியைச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே எல்லோரும் சொன்னார்கள். பாதியில் விட்டால் மனுஷ வாய் சும்மா இருக்காது. ஆபீசுக்கு ஒரே குஷி. ஊக்கம் தரும் ஊழியர் என்று அவர் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அவரும்தான்.

போன மாதம் தொண்டை கட்டிக்கொண்டது, விடவே இல்லை. இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். ஸ்டோரில் என்றால் வாயை மூடிக்கொண்டு பெட்டிகளோடு நிம்மதியாக இருக்கலாம். மாற்றல் மனுவோடு மனிதவள அதிகாரி புவனேஸ்வரன் முன் போய் நின்றார்.

"பலகையில நிக்க வேற ஆள காட்டுங்கண்ணே. அடுத்த நாளே ஸ்டோருக்குப் போயிரலாம்லா," என்றார் புவனேஸ்வரன்.

ஆள் இருந்தாள். அவர் லைனில் ஒன்பது வருடமாக வேலை செய்யும் அகல்யா. கணீரென்ற குரல், நாலு பேரைச் சிரிக்க வைக்கும் பேச்சு. ஆனால் அவள் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தாள். டுரியான் துங்காலில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருந்தது.

"ஷிப்டே இல்ல அங்கிள். மகள நானே ஸ்கூல்ல விட்டுட்டுப் போலாம்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நல்லதும்மா, போய் வா என்று சொல்லியிருக்க வேண்டும். கிளீட்டஸுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேண்டீனில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"போறது பெருசில்லம்மா. ஆனா இந்த லைன் உன்ன வச்சுத்தானே ஓடுது? அந்த நேப்பாள் பசங்களுக்கு வேலை பழக்கினது யாரு? அங்க போனா கவுண்டர்ல நம்பர் கூப்பிட்டுக்கிட்டு இருப்ப. இங்க நீ..."

அந்த இடத்தில் நிறுத்தினார்.

அகல்யா தேத்தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்தாள். "இங்க நான் லீடர் ஆகலாம்ல, அங்கிள்?"

மறுபாதியை அவளே சொல்லிவிட்டாள். கிளீட்டஸுக்கு வெட்கமாக இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அதையும் அவர் சொல்லவில்லை. அன்று மாலையே அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் புவனேஸ்வரன் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"ஆள் காட்டிட்டேன் சார். ஸ்டோரு..."

"உங்களப் போயா ஸ்டோர்ல வைக்கிறது? நாங்க மூணு பேரு பேசியும் கேக்காத பொண்ணுண்ணே! ஒரு தேத்தண்ணில நிறுத்திட்டீங்க. இனிமே நீங்க கத்தவே வேணாம். இவங்ககிட்ட மெதுவா பேசினா போதும்."

ஒரு கட்டு ராஜினாமா கடிதங்களை அவர் பக்கம் தள்ளினார். கட்டின் அடியில் கிளீட்டஸின் மாற்றல் மனுவும் இருந்தது. "அதையும் நீங்களே பேசி முடிச்சிருங்க," என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர்தான், வேடிக்கையாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை பலகைமேல் அகல்யா நின்றாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கிளீட்டஸ் கடைசி வரிசையில் போய் நின்று, இன்று ஒரு நாளாவது பேசுவதில்லை என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஹரி இனி!" என்று அவள் இழுத்து நிறுத்தினாள். அதே ராகம்.

எல்லோருக்கும் முன்னால் "லெபே பாய்க்" என்றது அவர் வாய்தான்.