மூன்றாவது தண்ணீரிலும் நுரை

தம்பி தன் சலவைக்கடையில் ஒருமுறை ஒரு சட்டையைத் துவைக்காமலே திருப்பிக் கொடுத்தான். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், துக்கத்தில் கை போன போக்கில் வீட்டு அழுக்கையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். இறந்தவர் கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டையும் அதற்குள் இருந்தது. மறுநாள்தான் நினைவு வந்து பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சாவுச் செய்தி தெரிந்திருந்த தம்பி அதைத் தனியாக எடுத்து, காகிதத்தில் சுற்றி, மேல்தட்டில் வைத்திருந்தான். "இதுல அழுக்கே இல்லம்மா, எதுக்குத் துவைக்கணும்?" என்றான். அவள் அதை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டபோது, மெஷினில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் சொல்லித்தான் அவனுடைய அக்காவுக்கே தெரியவந்தது. "நல்லது பண்ணினாலும் வாயைத் திறக்க மாட்டான்" என்று அக்கா ஊரெல்லாம் பெருமையடித்தாள். கெட்டதற்கும் வாயைத் திறக்க மாட்டான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அக்காவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. சூட்டோடு வரும் தட்டுகளை வாங்கி அடுக்குவாள். பிள்ளை குட்டி இல்லை. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, "என்கிட்டதான் ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்துக்கோங்க" என்று டாக்டர் முன்னால் போய் நின்றவள் அவள்தான்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "இவருக்கு வந்திருக்கிற நோய் கொஞ்சம் பொல்லாததும்மா. புதுசா வெக்கிற சிறுநீரகத்துலயும் சிலருக்குத் திரும்பி வரும்" என்றார்.

"வராது டாக்டர். நான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் தம்பி பக்கம் திரும்பினார். "சிறுநீர்ல நுரை நின்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உடனே வந்துடணும்."

"நுரையைப் பத்தி எனக்கே பாடமா?" என்று தம்பி சிரித்தான்.

அவன் சிரித்ததில் நியாயம் உண்டு. கடையில் அவன் பேச்சே நுரைதான். மூன்றாவது தண்ணீரிலும் நுரை நின்றால் துணிக்குள் சோப்பு ஒளிந்திருக்கிறது என்பான்; மறுபடி அலசுவான். சோப்புத்தூளை மருந்து அளப்பதுபோல் அளந்துதான் போடுவான்.

ஆண்டவன் புண்ணியத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அதனால் ரொட்டி உறைகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள், அங்கேயே தங்கிவிட்டாள். கூட வேலை செய்த பெண்கள் அவளுக்கு 'ஒத்தை' என்று பட்டப்பேர் வைத்தார்கள். "ஏய் ஒத்தை, இன்னொண்ணை எனக்குக் குடேன்!" என்பார்கள். "உனக்கா? உன் வாய்க்கு ரெண்டும் பத்தாதுடி" என்பாள் அவள். பதக்கம் குத்திக்கொண்டதுபோல் அந்தப் பேரோடு நடந்தாள்.

ஞாயிறுதோறும் பிரார்த்தனை முடிந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போவாள். வாரம் முழுக்க உடுத்திய வெள்ளைச் சீருடைகளைப் பையில் கொண்டுபோவாள். அவற்றை அவன் தன் கையால்தான் வெளுப்பான். வாசலில் நின்றபடியே, தான் கொடுத்த சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பாள்:

"என் பொண்ணு எப்படிடா இருக்கா?"

"புகுந்த வீட்டுல சமத்தா இருக்காக்கா. மாமியார் தொல்லைகூட இல்ல."

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் தம்பி மனைவி புலம்பினாள். "உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல அண்ணி. கக்கூஸ்ல டப்பா நிறைய சோப்புத்தூளை வெச்சுக்கிட்டு, தினம் காலையில அள்ளி அள்ளிக் கொட்டுறாரு. கேட்டா சுத்தமாம் சுத்தம். அப்புறம் குடம் குடமாத் தண்ணி வேற குடிக்கிறாரு."

சோப்புத்தூளை மருந்தாக அளப்பவனா அள்ளிக் கொட்டுகிறான்? அக்காவுக்கு டாக்டர் சொன்ன நுரை நினைவுக்கு வந்தது. கூடத்துக்கு வந்தாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே கீழே உட்கார்ந்து, அவன் கால்சட்டையை முழங்கால் வரை ஏற்றினாள். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். நீர் கோத்த காலில், விரல் எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

அவன் கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எத்தனை நாளாடா?"

"நாலு மாசம் இருக்கும்க்கா."

"போன மாசம் டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னியே?"

"போகல."

"நுரை வந்துச்சா?"

"வந்துச்சு. தண்ணி நிறையக் குடிச்சா அலசிக்கிட்டுப் போயிடும்னு நெனச்சேன். இன்னிக்குப் போயிடும், நாளைக்குப் போயிடும்னு... இவ கண்ணுல பட்டாலும் சோப்பு நுரைன்னு நெனச்சுக்கட்டும்னுதான் சோப்பைப் போட்டேன்."

அக்கா எழுந்து நின்றாள். 

"ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேனேடா. சமத்தா இருக்கான்னு சொன்னியே! அங்கே செத்துக்கிட்டிருக்கிறவளை, சமத்துன்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே!"

"நீ ஆசையாக் குடுத்ததைக் கெடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்வேன்?"

"நீ கெடுக்கல. நோய் கெடுத்துச்சு. நீ ஏமாத்தினே. அது வேற, இது வேற."

கொண்டுவந்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நோய் திரும்பிவிட்டது என்றார். "நுரை பார்த்த அன்னிக்கே வந்திருந்தா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம். பலிச்சிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அந்த இரண்டாவது பேச்சு அக்காவின் காதில் ஏறவே இல்லை. பார்த்திருக்கலாம் என்பது மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. சில மாதங்களில் தம்பி பழையபடி டயாலிசிஸ் கட்டிலுக்குப் போனான்.

அக்கா ஞாயிறுகளில் பிரார்த்தனை முடிந்ததும் நேராகத் தன் வீட்டுக்கே திரும்பினாள். கண்ணை மூடினால் ஆண்டவனிடம் சண்டைதான். 'நான் மனசாரத்தானே கொடுத்தேன்? வாங்கினவனும் ஏமாத்தினான், பார்த்துக்கிட்டிருந்த நீயும் சொல்லலையே?' தழும்பு இருந்த பக்கம் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். ஆண்டவனும் தம்பியைப்போலவே வாயைத் திறக்கவில்லை. தொழிற்சாலையில் யாரோ வழக்கம்போல 'ஒத்தை' என்றபோது, கையிலிருந்த பெயர்ச்சீட்டுகளை மேசையில் அடித்துவிட்டு வெளியே போய் நின்றாள். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

சீருடைகளை அவளே துவைத்துக்கொண்டாள். அவை மெல்ல மெல்லப் பழுப்பேறின.

தம்பி டயாலிசிஸுக்குப் போய் ஐந்து மாதம் கழித்து, ஒரு பகல்பொழுதில், ஒரு சீருடையைப் பையில் வைத்துக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போனாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகவில்லை. மனசில் இல்லாததைச் சொல்ல அவளுக்கு வராது. சும்மா போய் நிற்கவும் கூச்சமாக இருந்தது, அதற்காகத்தான் அந்தப் பை. தம்பி பாதியாக இளைத்திருந்தான். ஒரு கையில் குழாய்கள். இருவரும் மெஷின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்றாள். அக்கா பையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு நாலாம் நாள் காலையில் அவன் இதயம் நின்றுபோனது. அவர்கள் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி.

அன்று பையை வைத்துவிட்டுக் கதவருகே போனவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி குழாய் இல்லாத கையால் சீருடையை வெளியே எடுத்து, காலரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனான்.

"என்னக்கா இது, சோப்பு அப்படியே நிக்குது. மூணு தண்ணி அலசலையா நீ? என்கிட்டயே மறைக்கப் பார்க்கிறியா?"