நாங்கள் நட்ட வயல்

சேற்றில் இறங்கக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு பள்ளிக்கூடமா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றவர்கள் நாங்கள். மகளாவது காலில் மண் ஒட்டாமல் நாலெழுத்துப் படிக்கட்டும் என்று அனுப்பினால், அது தினமும் முட்டிவரை சேறும் பாவாடை மடியில் நத்தையுமாக வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? நானோ எனக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை என்று திரிந்தேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மிராசுதாருடைய இலுப்பைத் தோப்புதான் பள்ளிக்கூடம். சுவர் கிடையாது, பெஞ்சு கிடையாது, மணி கிடையாது. மழைக்கு ஒதுங்க ஒரு கீற்றுக்கொட்டகை மட்டும் உண்டு. ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை இருபது பிள்ளைகள் இருந்தோம். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த டீச்சர் கரும்பலகையில் எழுதியது கொஞ்சம். குளத்தங்கரையில் எங்களைக் குப்புறப் படுக்கவைத்துத் தவளை முட்டையைப் பார்க்கச் சொன்னது அதிகம். கூட்டல் கழித்தலை இலுப்பைக் கொட்டையில் படித்தோம். நம்ம மரம், நம்ம குளம், நம்ம வயல் என்றுதான் டீச்சர் எப்போதும் சொல்லுவார். நான் அதை அப்படியே நம்பினேன். ஏழு வயதில் டீச்சரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அந்தத் தோப்பையும் அதை ஒட்டிய ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நஞ்சையையும் மிராசுதார் பள்ளிக்கூட டிரஸ்ட்டின் பேருக்கு எழுதிவைத்திருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் கழுத்தைப் பிடித்த காலம் அது. பெரிய நிலக்காரர்கள் எல்லாருக்கும் திடீரென்று தர்மசிந்தனை பொங்கிக்கொண்டு வந்தது.

ஒன்பது மாவையும் உழுதவர் அப்பா. அவருக்கு முன்னால் தாத்தா. எல்லாம் வாய்வார்த்தைக் குத்தகை, காகிதம் என்று ஒரு துண்டு கிடையாது. புது ஆட்சியில் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பேரைத் தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டால் அவனை லேசில் வயலைவிட்டு இறக்க முடியாது. அப்பா மனுப் போட்டார். குத்தகையாவது ஒன்றாவது, அது பள்ளிக்கூடத்தின் சொந்தச் சாகுபடி, பிள்ளைகளே நடுகிறார்கள் என்று மிராசுதார் பதில் மனுப் போட்டார். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அப்பா என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார் என்பதுதான்.

பிள்ளைகள் நட்டது பொய் இல்லை. எங்களுக்கு ஒரு மூலை வேண்டும் என்று டீச்சர் அப்பாவிடம்தான் வந்து கேட்டார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவரே சேற்றைச் சமன் செய்து, நாற்றும் கொடுத்தார். நாங்கள் நட்டதில் பாதி மிதக்கும், பாதி சாய்ந்து கிடக்கும். நாங்கள் வீட்டுக்குப் போனதும் அப்பா இறங்கி அத்தனையையும் பிடுங்கி மறுபடி நடுவார். காலையில் வந்து பார்த்தால் நூல் பிடித்தாற்போல் நிற்கும். எவ்வளவு நேராக நட்டிருக்கிறோம் என்று நாங்கள் குதிப்போம். அப்பா வரப்பில் நின்றபடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்.

பயிர் தூர்கட்டிய சமயத்தில் விசாரணைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். மிராசுதார் கூடவே நடந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூரத்து வரப்பில் நின்றார். இந்தப் பொடிசுகளா நட்டது, நம்பும்படி இல்லையே என்று அதிகாரி இழுத்தார். நீங்களே கேட்டுப் பாருங்களேன் என்று மிராசுதார் சிரித்தார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது யார் என்கிறீர்கள்? இந்த மகராசிதான்.

"இந்த வயல்ல யாரும்மா நட்டது?"

"நாங்கதான் சார்."

"முழுசுமா?"

ஒரு மூலைதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், ஜீப்பில் வந்தவர் என்னைக் கேட்கிறார். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன். "எல்லாம் நம்ம வயல் சார். நாங்கதான் நட்டோம். மூணு விரலால புடிச்சு வேர் மடங்காம வெக்கணும் சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "அப்ப அதோ நிக்கிறாரே, அவரு யாரு?"

"எங்கப்பா சார். எங்க பள்ளிக்கூடத்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறாரு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தன் வாயால் தானே கெட்டது. என் வாயால் கெட்டது என் அப்பா.

அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். "ஐயா, அது வந்துங்க, புள்ளைங்க நட்டது அந்த மூலையில மட்டுந்தானுங்க..."

மிராசுதார் குரலைக்கூட உயர்த்தவில்லை. "அப்ப ஒம் பொண்ணு பொய் சொல்லுதுங்கிறியா?"

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"எம் பொண்ணு பொய் சொல்லாதுங்க," என்றார் அப்பா.

ஐயோ, எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் முன்னால் அப்பா என்னை மெச்சிக்கொண்டார் என்றே நினைத்தேன். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டு போனார். என் பேச்சே அவருக்குப் போதுமானதாக இருந்தது. போதும் என்று முன்பே யாராவது சொல்லிவைத்திருக்கவும் கூடும்.

வீட்டில் அம்மா, "ஒன் வாயில மண்ண அள்ளிப் போட" என்று ஆரம்பித்து, பாதியில் முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவாடையில் சேறு பட்டதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குக் கோபம் வந்தது. "புள்ளய ஒண்ணும் சொல்லாத" என்று மட்டும் அப்பா சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை, சாகிறவரைக்கும். ஒரு தடவையாவது திட்டித் தொலைத்திருந்தால் எனக்கு மனது ஆறியிருக்கும்.

மனு தள்ளுபடி ஆயிற்று. அறுப்பு முடிந்ததும் வயலைவிட்டு இறங்கச் சொன்னார்கள். உழவு மாட்டை விலைக்கு வாங்கிய ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அப்பா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நடவு வந்தது. டீச்சர் எங்களை வரப்பில் வரிசையாக நிறுத்தினார். நாற்றங்காலிலிருந்து இரண்டு தோளிலும் நாற்று முடிகளைச் சுமந்து, கூலியாட்களோடு அப்பா வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கப்பாடீ, எங்கப்பா என்று பக்கத்தில் நின்றவளை இடித்தேன். நமக்கு நாற்றுக் கொண்டுவந்து கொடுக்கிற ஐயாவுக்கு எல்லாரும் கை தட்டுங்கள் என்றார் டீச்சர். அப்பா குனிந்த தலை நிமிராமல் முடிகளை ஒவ்வொன்றாக எங்கள் காலடியில் வைத்தார். இருபது பிள்ளைகளும் தட்டினோம். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான்.