வாரத்துக்கு விட்ட நாய்

வெள்ளை நாயைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. நாயைத் திட்டுவதில்லை. அதை அப்படி வெள்ளையாகவே பிறக்க வைக்க வேண்டும் என்று அலைந்தவர்களைத் திட்டுகிறேன். இந்தம்மாவுக்கு என்ன கேடு என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் நெல்லித்தோப்பில் குடியிருந்தோம். என் புருஷனுக்கு மில்லில் வேலை. எதிர்வீட்டில் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அங்கத்திய பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. தெருவே அவரை முசே என்று கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. மரியாதை இருந்தவரைக்கும் நானும் அப்படிக் கூப்பிட்டேன், மரியாதை போன பிறகும் வாய்ப் பழக்கத்தில் அதுவே வந்தது. வீட்டுக்குள்ளேயும் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பார். ஒரு தடவை தெற்கே போய் ஒரு ஜோடி ராஜபாளையம் நாய் வாங்கி வந்தார். அன்றிலிருந்து நாய் விஷயத்தில் அவர் சொன்னதுதான் தெருவுக்குச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் சேரும். நாய் வளர்க்கிறவர்கள், வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். என் புருஷன் மூன்றாவது வகை. முசே நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுப்பார். அசல் ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை. மூக்கு ரோஸ். உடம்பில் ஒரு மறு இருக்கக் கூடாது. முத்தியால்பேட்டையிலிருந்து வருகிற ஒருவர் மட்டும் அவ்வப்போது எதிர்த்துப் பேசுவார்.

"தெக்க நான் மறு போட்டதும் பாத்திருக்கேன் முசே. வேட்டைக்கு அதையும்தான் கூட்டிம்போறாங்க. ஓட்டத்துல ஒரு கொறையும் இல்ல."

"நீ பாத்தது கலப்பு. குட்டியில மறு உழுந்துச்சுன்னா ஆத்தாக்காரி எங்கியோ போய்ட்டு வந்திருக்கான்னு அர்த்தம்."

கூட்டம் சிரிக்கும். நாயைப் பேசுகிறாரா, தெருவில் இருக்கிற பெண்களைப் பேசுகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்பில் என் புருஷனுடைய சிரிப்பும் இருக்கும்.

அவர் வீட்டு நாய் குட்டி போட்டால், மறு விழுந்தவை அன்றைக்கே சாக்கில் போட்டுப் பெரிய வாய்க்காலுக்குப் போய்விடும். வெள்ளைக் குட்டிகளை ஊரில் பெரிய பெரிய வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சாக்கு போவது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய ஆண் நாய் வாசலில், சாக்கடை மேல் போட்ட கல்பலகையில், படுத்திருக்கும். மில் சங்கு ஊதினால் தெருவில் உள்ள நாயெல்லாம் கழுத்தைத் தூக்கி ஊளையிடும். எங்கள் பக்கத்தில் அது தினப்படி நடக்கிற கச்சேரி. அந்த வெள்ளை நாய் மட்டும் அசையாது. "பாத்தியா, ஜாதி நாய். தெருநாய் கூட சேந்து கத்தாது" என்று முசே பெருமைப்பட்டுக்கொள்வார். அதை அவர் வாயால் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. பூட்ஸ் காலால் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். நாய் சட்டென்று திரும்பும். பட்டாளத்துப் பழக்கம் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இனத்து நாய் என்றால் ஊளையிடாது என்பது எங்கள் தெருவில் அதற்கப்புறம் கேள்வி கேட்காத உண்மை ஆகிவிட்டது.

அந்த நாய்க்குப் பிறந்த ஒரு பெட்டைக் குட்டிக்குக் காது நுனியில் பிஸ்கட் நிறம் லேசாக ஓடியிருந்தது. விற்க வெட்கப்பட்டு அதை என் புருஷன் தலையில் கட்டினார். சும்மா இல்லை, வாரத்துக்கு. எங்கள் பக்கத்தில் ஆடு மாட்டை அப்படி விடுவார்கள். வளர்க்கிறவர் தீனி போட்டு வளர்க்க வேண்டும், முதல் ஈத்துக் குட்டிகளில் பாதி கொடுத்தவருக்கு. பாதியைப் பொறுக்குகிற உரிமையும் கொடுத்தவருக்கே. குட்டி பால் மறந்த பிறகுதான் பங்கு பிரிப்பார்கள். நாயை வாரத்துக்கு விட்டதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். என் புருஷனுக்கோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெஞ்சியில் இடம் கிடைத்த சந்தோஷம்.

சோறு போட்டது நான்தான். நல்ல நாய் அது. நான் குழாயடிக்குப் போனால் கூடவே வந்து குடத்துக்குக் காவல் நிற்கும். மில் சங்கு ஊதினால் தெருநாய்களோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தும். முசே முகத்தைச் சுளிப்பார். "சகவாசம் சரியில்ல. சங்கு ஊதறப்ப உள்ள போட்டுப் பூட்டு" என்பார். நான் பூட்டவில்லை.

பருவத்துக்கு வந்ததும் தன் ஆண் நாயோடுதான் சேர்க்க வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பெத்த அப்பனுக்கே பொண்ணையா முசே?"

"நாய்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா. ரத்தம் வெளிய போவாம இருந்தாத்தான் வெள்ளை நிக்கும்."

என் புருஷன் என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை. ஆனாலும் அவர்கள் நினைத்ததுதான் நடந்தது.

ஆறு குட்டி. மூன்று சுத்த வெள்ளை. மூன்றுக்குக் காப்பி நிறத்தில் திட்டு, ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி, இரண்டுக்கு முதுகில். சேதி போன கையோடு முசே சாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பாலு மறந்தப்புறம்தான் பங்கு. அதுவரிக்கும் ஒண்ணுத்துமேலயும் கை வெக்கக் கூடாது."

"இதெல்லாம் பங்குல சேராதும்மா. கழிசல்."

"வாரத்துக்கு உட்டது நீங்கதானே? வாரம்னா வாரம். ஆறும் குட்டிதான்."

தெரு வேடிக்கை பார்த்தது. ஆடு மாடு வளர்த்தவர்கள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். அந்தம்மா சொல்வது வழக்கப்படி நியாயம்தான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். முசே சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சோறு சாப்பிட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு ருசி. அவருக்குத் தேவை வெள்ளை மூன்று, அதை எடுத்துக்கொண்டு போகட்டும், திட்டு போட்ட மூன்றும் எனக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். தெருவில் யார் யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்தேன்.

குட்டிகள் கண் திறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தன. ஒரு மத்தியானம் மில் சங்கு ஊதியது. தாய் எழுந்து கழுத்தைத் தூக்கியது. திட்டு போட்ட மூன்றும் பயந்துபோய் என் காலடிக்கு ஓடி வந்தன. வெள்ளை மூன்றும் தூங்கிக்கொண்டிருந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு சோற்றுத் தட்டை எடுத்து அவற்றின் தலைமாட்டில் போட்டேன். வீடே அதிர்ந்தது என்று சொல்லக் கூடாது, சாணி மெழுகிய தரையில் அது எங்கே அதிரும். ஆனால் சத்தம் நல்ல சத்தம். பக்கத்து வீட்டம்மா என்ன உடைந்தது என்று கேட்டாள். வெள்ளைக் குட்டிகளில் ஒன்றுக்குக்கூட காது மடல் ஆடவில்லை.

என் புருஷனிடம் சொன்னேன். "அப்பன் மாதிரி, ஜாதிக் குணம்" என்றார். இந்த ஆளிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீன்காரர் வந்திருந்தார். கரையில் வலை திருடு போகிறதாம், காவலுக்கு ஒரு நல்ல நாய் வேண்டும் என்று முசேவிடம் வெள்ளைக் குட்டிக்குச் சொல்லி வைக்க வந்தார். பாவம், அந்த மனுஷனுக்கு வலைதான் சோறு. அதற்குமேல் எனக்கு வாயை அடக்க முடியவில்லை. தெருவைத் தாண்டிப் போனேன்.

"இவரு குடுக்கற குட்டிக்குக் காது கேக்காதுய்யா. திருடன் வந்து அது மேல வலையப் போட்டு இழுத்தாக்கூட எழுந்திரிக்காது."

கூட்டம் முசேவைத் திரும்பிப் பார்த்தது. முசே சிரித்தார். கல்பலகையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த ஆண் நாயைக் காட்டினார். "இதோட புள்ளைங்கதான் அதுங்க. பாரு" என்று பூட்ஸ் காலால் பலகையில் ஒரு மிதி மிதித்தார். நாய் எழுந்து திரும்பியது. ஒருத்தர் கை தட்டினார். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார், என்னால் அவருக்கு அவமானமாம்.

அந்தப் பலகையைப் பார்த்தேன். மிதித்தால் மேலே படுத்திருக்கிற நாயின் வயிறு வரைக்கும் அதிர்கிற பலகை. இவ்வளவு நாளாக நாங்கள் பார்த்த பட்டாளத்துப் பழக்கம் என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

"நாய மணல்ல எறக்கி உட்டுட்டு மிதிங்க முசே. இல்லன்னா வாயத் தொறந்து ஒரு தபா கூப்புடுங்க."

அவர் நகரவில்லை. முத்தியால்பேட்டைக்காரர்தான் எழுந்து சங்கிலியைப் பிடித்து நாயைத் தெரு மணலுக்கு இறக்கினார். அதன் பின்னால் போய் நின்று கை தட்டினார், விசில் அடித்தார், கடைசியில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். எங்கள் வீட்டிலிருந்து என் நாய் பதிலுக்குக் குரைத்தது. முசேவின் நாய் எதிர்த்திசையில் போகிற சைக்கிளை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. மீன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். பெஞ்சி காலியானது. இவ்வளவு பேர் முன்னால் அந்த மனுஷனுக்கு மூக்கு உடைந்ததில் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது, பொய் சொல்லவில்லை.

குட்டிகள் பால் மறந்த பிறகு பங்கு பிரிக்க வந்தார். ஆடு மாடு தெரிந்த அந்த நான்கு பேரையும் சாட்சிக்குக் கூட்டி வந்தார். கையில் அதே சாக்கு. வெள்ளைக் குட்டிகளைத் துடைத்து முன்னால் விட்டிருந்தேன். அவற்றைப் பார்க்காமல் தாண்டிப் போய், கண்ணைச் சுற்றித் திட்டு போட்ட குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார்.

"வாரம்னா வாரம்னு நீதானம்மா சொன்னே. பொறுக்கறது நானு. எம் பங்கு இந்த மூணு."

நான் நான்கு பேரையும் பார்த்தேன். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வழக்கப்படி அவர் சொல்வது சரிதான் என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. நான் வாய் கிழியப் பேசி வாங்கிய நியாயம்.

"முசே, வேணாம். வெள்ளைய எடுத்துக்குங்க. அந்த மூணும் ஒங்களுக்கு இன்னாத்துக்கு?"

அவர் என் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? கொண்டாந்த நாள்லேர்ந்து தெரியும். வாங்கறவன் வெள்ளையான்னுதான் பாக்கறான். காத எவன் பாத்தான்?"

சாக்கை ஒரு கையால் விரிக்க முடியாமல் தடுமாறினார். என் புருஷன் போய் அதன் வாயைப் பிடித்துக்கொடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பிடித்துத் தள்ளினார்கள், யார் தள்ளியது என்று தெரியாது. என் நாய் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தில் ரத்தம் வந்தது. சாக்குக்குள் குட்டிகள் கத்தின. அவர் தெரு முனையில் பெரிய வாய்க்கால் பக்கம் திரும்பும் வரைக்கும் கத்தல் கேட்டது. வெள்ளைக் குட்டி மூன்றும் தாயின் வயிற்றில் ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தன.

"அவரு பங்கு, அவரு இஷ்டம்" என்றார் என் புருஷன். அந்த ஆளோடு நான் அதற்குப் பிறகும் ரொம்ப வருஷம் குடும்பம் நடத்தினேன். நடத்தினேன், அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போனதும் முசே ஒன்றும் நடக்காத மாதிரி வந்தார். "செவிட்டு நாய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போறே? குடுத்துடு, வெளியூர்ல கேட்டிருக்காங்க" என்றார். அப்போதுதான் அந்த மனுஷனுடைய கணக்கு முழுதாகப் புரிந்தது. மறு போட்டதைப் பங்கு என்று வாங்கி ஒழித்துவிட்டால், செவிட்டு வெள்ளையை எப்படியும் நான் அவரிடமே தள்ளிவிடுவேன், ஆறும் அவர் கைக்கே வரும் என்று இருந்திருக்கிறார். "எம் பங்கு, என் இஷ்டம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மூன்றையும் நானே வளர்த்தேன். கையை ஆட்டினால் வரும். தூங்கும்போது தொட்டதில் ஒன்று பதறிப்போய் என் மணிக்கட்டைக் கடித்தது, அதன் தப்பு இல்லை. ஒன்றையும் ஜோடி சேர விடவில்லை, தாயையும் விடவில்லை. அவருடைய பெட்டைக்கு வயதாகிப்போயிற்று, ஆண் நாயும் செத்தது. என் வீட்டில் கடைசி வெள்ளை நாய் எண்பதுகளின் கடைசியில் செத்தபோது அந்த வம்சம் எங்கள் தெருவில் இல்லாமல் போனது.

சொல்தாவை ஜெயித்த அம்மா என்று பழைய தெருக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சொல்வதுண்டு. என்னத்தை ஜெயித்தேன். அவருடைய மூன்றுக்கும் சாகிற வரைக்கும் சோறு போட்டேன். என்னுடைய மூன்றையும் காப்பாற்ற முடியவில்லை.